புதன்கிழமை எலி

எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில் ஒரு கருப்புக் கவர் இருந்தது. அதில் வஞ்சிர மீன் இருப்பதாக என் கணவர் ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தொண்டையில் முள் மாட்டியதிலிருந்து அவர் மீன் பக்கமே போகமாட்டார். நான் ஒருத்திதான் சாப்பிடுவேன். அதனால் அந்தக் கவரை அவர் பிரித்துப் பார்க்க வாய்ப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

கவருக்குள் இருந்தது எலி. பாம்புக்குப் போடுகிற உறைந்த எலி.

இதை எழுதுவதற்கு முன்னால் பாம்பு எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பாம்புப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குப் பல்லி விழுந்தாலே தலைக்குக் குளிக்க வேண்டும்.

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். நான் குவாலிட்டியில் இன்ஸ்பெக்டர். அவர் அடித்துத் தள்ளும் பீஸை நான் அளந்து தள்ளுபடி செய்வேன். அப்படிச் சண்டை போட்டுப் போட்டே கல்யாணம் ஆனது. அதனால் எங்களுக்குள் வாங்க போங்க கிடையாது. எழுதும்போது மட்டும்தான் இந்த 'அவர்' எல்லாம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த பிரஸ் மெஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஒருவர் அந்த சென்சாரைச் சோதித்துப் பார்த்து, மெஷினில் தொங்குகிற செக் ஷீட்டில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய ஷீட்டில் டிக் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. விசாரணையில் அந்தத் தாளைத்தான் நம்பினார்கள். "டிக் போட்டவன் பாக்கவே இல்ல சார்" என்று இவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். விசாரணை அறையிலிருந்து வெளியே வந்தபோது காது இரண்டும் சிவந்து, கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். விரல் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தன் வார்த்தை போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டார். படப்பையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எதிரே காலி மனைகள், கல் நட்டு வைத்தவை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே. சோறு வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். நான் கத்துவேன். கத்திவிட்டு பாத்ரூமில் போய் அழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். சென்னையில் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்த்துக் குஞ்சு எடுக்கிறவர். நம் ஊர்ப் பாம்பை வளர்த்தால் ஜெயில்தான். இது கார்ன் ஸ்னேக், விஷமில்லாதது, வனத்துறையில் பதிவு செய்த காகிதமும் இருக்கிறது என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஷூ லேஸ் தடிமன், ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டு.

"இன்னாயா இது, வூட்டுக்குள்ள பாம்பு! நீ கீறியா, நான் கீறனா பாரு" என்று நான் குதித்தேன்.

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. அதை நானும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பெண் குஞ்சு மூன்று வாரம் எதையும் தொடவில்லை. கண் திறக்காத, ரோஸ் நிற எலிக்குஞ்சை வெந்நீரில் உறைநீக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே நீட்டுவார். அது திரும்பிக்கொள்ளும். அது சாப்பிடாத நாளெல்லாம் இவரும் சாப்பிடவில்லை. "மேடம் இன்னிக்கும் வேணாம்ன்றாங்க" என்பார். மேடம் என்றால் அந்தப் பாம்பு. நான் பாம்புக்காகக் கவலைப்படவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது செத்தால் இவர் மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவார் என்றுதான் பயந்தேன். நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் லபக்கென்று பிடித்து விழுங்கியது. அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. எழுந்து போய் ஒற்றைக் கையால் டீ போட்டு, பாதியைச் சிந்தி, மீதியை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை.

அன்றைக்கே ஒரு செக் ஷீட் போட்டார். கம்பெனிப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. தேதி, எடை, என்ன போட்டது, சாப்பிட்டதா, கழிவு, தோல் உரித்ததா, கடைசியில் கையெழுத்து. டப்பாவின் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். "எழுதாம ஒரு எலி போவக்கூடாது" என்றார். எல்லாவற்றையும் இடது கையால்தான் எழுதினார். முதல் தாளில் எழுத்துகள் குடித்துவிட்டு நடப்பது மாதிரி போகும். ஏழாவது, எட்டாவது தாளில் நேராக நடக்க ஆரம்பித்தன. அவர் இடது கையால் எழுதப் பழகியது அந்தத் தாள்களில்தான்.

வளர்ப்பு முறையை நண்பரிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பாம்பின் உடம்பு எங்கே தடிமனோ, அந்த அளவு எலிதான் போட வேண்டும். குஞ்சாக இருக்கும்போது வாரம் ஒன்று. வளர வளர எலி பெரிதாகும், இடைவெளியும் நீளும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். பெண்ணை ஆணோடு சேர்ப்பதற்கு மூன்று வயது, முந்நூறு கிராம், மூன்று அடி, மூன்றும் வேண்டும். அவருக்கு ஒரே கனவுதான். "என் கையால ஒன்னு உற்பத்தி ஆவணும்மே. இந்தக் கையால" என்று இரண்டு விரல் கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் மேடத்தை நிறுத்துவார். இரண்டு கிராம் ஏறியிருந்தால் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே டீ போடப் போவார். ஏறாவிட்டால் அன்று முழுக்க மௌனம். மதியமே ஜன்னல் பக்கம் நாற்காலி நகரும். ஒரு ஞாயிறு ஏறவில்லை. அடுத்த ஞாயிறும் ஏறவில்லை. தோல் உரிக்கப் போகிற பாம்பு அப்படித்தான் இருக்கும் என்று நண்பர் சொன்னார். இவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்கும்தான்.

எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. அவருக்கு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் நாளும் புதன். காலை பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் மத்தியானம்தான் வருவார். அந்த வாரம் மேடம் தோல் உரித்துவிட்டுப் புதுப் புடவை கட்டியவள் போல் பளபளவென்று டப்பாவின் ஓரத்துக்கு வந்து நின்றது. நாக்கை நீட்டி நீட்டி என்னையே பார்த்தது. ஒரு ஜீவன் அப்படிப் பார்த்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? வேண்டாம் என்று சொல்லத் தெரியுமா நமக்கு? ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டேன். பயந்துகொண்டே இடுக்கியை நீட்டினேன். பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கிராம் ஏறியிருந்தது. டீ வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு புதனும். தாம்பரத்தில் எலி விற்கிறவரிடம் மாதம் ஒரு தடவை போய் வாங்கி வருவது நான்தான். கூட்ட நெரிசலில் கை இடிபடும் என்று அவர் வருவதில்லை. அதனால் கூடுதலாக வாங்கி, கருப்புக் கவரில் கட்டி, மீன் என்று சொல்லி வைப்பது சுலபமாக இருந்தது. சில புதன்கள் இரண்டு. அவர் பெரிய எலிக்கு மாறியபோது நானும் மாறினேன். அவர் இடைவெளியைப் பத்து நாளாக்கியபோது நான் ஆக்கவில்லை. டப்பா சுத்தம் செய்கிற வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், கழிவு அதிகமானது தெரியக்கூடாதே! "பாரு, பாம்பு மேல பாசம் வந்துகினு கீது இவளுக்கு" என்று நண்பரிடம் போனில் பெருமையடித்தார். ஆண் பாம்புக்கு நான் எதுவும் போடவில்லை. அது பாட்டுக்குப் பைப்புக்குள் படுத்திருக்கும், யாரையும் பார்க்காது. உண்மையில் நான் மேடத்துக்கும் போடவில்லை. என் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டேன்.

செக் ஷீட்டில் நான் எழுதவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இன்ஸ்பெக்டர். அளவு அளவுக்கு மீறி நன்றாக வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். ஒரே நாளில் பிறந்த ஆணும் பெண்ணும். ஒன்று நூற்றைம்பது கிராம், இன்னொன்று முந்நூறு. கம்பெனியில் இப்படி வந்திருந்தால் லைனை நிறுத்தச் சொல்லியிருப்பேன். வீட்டில் தினமும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இந்த வருடம் மாசி மாதம் மேடத்துக்கு முந்நூறு கிராம் தாண்டியது. நீளமும் வந்துவிட்டது. வயதுதான் வரவில்லை. ஒன்றரை வயது தாண்டி ஒரு மாதம். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீ இன்னா சொல்ற? குவாலிட்டில கீற. வயசு பத்தல, ஆனா வெயிட்டு வந்துடுச்சு. நான் ஒழுங்காத்தானே துன்னக் குடுத்தேன். தானா வளந்த உடம்புதானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"உடம்பு வந்துட்டா போறும்யா. உட்டுப் பாரு" என்றேன்.

சேர்த்துவிட்டார். சித்திரை வெயிலில் மேடத்துக்கு வயிறு உப்பியது. ஈரப் பாசி போட்ட டப்பாவில் ஒரு நாள் காலை ஐந்து முட்டை இட்டது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் எனக்குப் பதினோரு தடவை போன் செய்திருந்தார். ஆனால் அதோடு நின்றுவிட்டது. வயிற்றின் கடைசிப் பகுதியில் இன்னும் இரண்டு முட்டை முண்டு முண்டாகத் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஒரு நாள், இரண்டு நாள். முக்கி முக்கிக் களைத்துத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. முட்டை மாட்டிக்கொண்டால் பாம்பு செத்துப்போகும், உடனே டாக்டரிடம் போ என்றார் நண்பர்.

சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற பெண் டாக்டர் ஒருவர். வாடகைக் கார் பிடித்துப் போனோம். வண்டலூர் வரைக்கும் இவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கையில் ஃபைல். எல்லா செக் ஷீட்டும் தேதி வாரியாக.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வயசு?"

"ஒன்னே முக்கால் மேடம்."

"ரொம்பச் சின்னது சார். உள்ள கொழுப்பும் நிறைய இருக்கு. சாப்பாடு என்ன கொடுத்தீங்க?"

அவர் ஃபைலை நீட்டினார். கர்வத்தோடு நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு மேஜை மேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இந்தச் சாப்பாட்டுக்கு இந்த உடம்பு வராது சார்."

"எழுதாம ஒரு எலி கூடப் போட்டதில்ல மேடம்."

"நிறையப் பேர் சீக்கிரம் குஞ்சு எடுக்கணும்னு கூடப் போடுவாங்க. அதை எழுத மாட்டாங்க. நான் திட்ட மாட்டேன். மயக்கம் கொடுத்து முட்டையை எடுக்கணும், எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

"நான் பொய் சொல்லல மேடம். பேப்பர்ல இன்னா கீதோ அதான்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். நம்பவில்லை. என் வீட்டுக்காரரின் காதுகள் சிவந்தன. வலது கை மெல்ல மேஜையிலிருந்து இறங்கி முதுகுக்குப் பின்னால் போனது.

நான்கு வருடத்துக்கு முன்னால் விசாரணை அறை வாசலில் பார்த்த அதே முகம். அன்றைக்கு அவர் சொன்னது உண்மை, தாள் பொய். இன்றைக்கும் அவர் சொல்வது உண்மை, தாள் பொய். அன்றைக்குத் தாளைப் பொய்யாக்கியவனை நான் எத்தனை தடவை சபித்திருப்பேன்! நாசமாய்ப் போக வேண்டும் என்று எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன்!

"நான்தான் போட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"புதன்கிழமை புதன்கிழமை. இவருக்குத் தெரியாது. இவர் எழுதினது அத்தனையும் நெசம் டாக்டர்."

டாக்டரின் மேஜையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் தாளிலிருந்து ஒவ்வொரு புதனாக இடையில் எழுதிக்கொண்டே போனேன். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. எங்கள் கம்பெனியில் பழைய தேதிக்குப் போய் எழுதுவது வேலை போகிற குற்றம். ஞாபகம் இருந்த வரைக்கும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவருடைய இடது கை எழுத்துகளுக்கு நடுவே என் சிவப்பு எழுத்து ரத்தக் கறை மாதிரி இருந்தது. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப புரியுது" என்று மேடத்தை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு முட்டையை ஊசியால் சுருங்க வைத்து எடுத்தார்கள். இன்னொன்றுக்கு வயிற்றைக் கீற வேண்டியதாயிற்று. மேடம் பிழைத்துக்கொண்டது. இனிமேல் ஆணோடு சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஃப்ரீஸரைத் திறந்து கருப்புக் கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எடுத்துப் போய்த் தன் எலிகளோடு சேர்த்து வைத்தார். எத்தனை என்று செக் ஷீட்டில் எழுதினார். அடுத்த புதன் பயிற்சிக்குப் போகவில்லை. டப்பா முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த புதனும் போகவில்லை. காவல்தான், வேறென்ன. எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. 'சாப்டியா', 'கரண்டு போச்சு', 'கேஸ் வந்துச்சா' என்பதைத் தவிர அந்த இரண்டு மாதத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஐந்து முட்டையில் இரண்டு மஞ்சளாகிப் பூசணம் பூத்தது. மற்ற மூன்றும் ஆடி மாதம் ஒரு மத்தியானம் கீறிக்கொண்டு தலை நீட்டின. மூன்று ஷூ லேஸ்கள். அவர் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.

முதல் தோல் உரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குஞ்சுகள் சாப்பிட்டன. மூன்றாவது, பெண், அம்மாவைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். புதுச் செக் ஷீட்டில் கோடு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு என் மெஷின்ல டிக் போட்டவன் வெளியாளு இல்ல. ஒன்னா டீ குடிச்சவன். இந்நாள் வரைக்கும் வந்து பாக்காமதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவன் மட்டும் சொல்லியிருந்தான்னா, நான் வேலைக்கே போயிருப்பேன்மே. ரெண்டு விரலோடவே போயிருப்பேன்." கோடு போட்டு முடித்தார். "நீ சொல்லிட்ட. டாக்டரு எதிர்ல சொல்லிட்ட."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தாளின் கடைசியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டம் போட்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினார். "வரேன்" என்றார். அவ்வளவுதான். வீட்டில் நான், பாம்புகள், ஃப்ரீஸரில் எலி. மூன்றாவது குஞ்சு டப்பாவின் ஓரத்துக்கு வந்து நாக்கை நீட்டியது. பசிக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இப்போது போட்டால் பிடிக்கும் என்றும் தெரிந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து பாத்திரம் கழுவினேன். திரும்ப வந்து பார்த்தேன், அங்கேயே நின்றது. பேனாவை எடுத்து, 'புதன். பசி போல் இருக்கிறது. போடவில்லை' என்று எழுதி, என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தாளிடம் போனார். படித்தார். இடது கையால் பேனாவை எடுத்து, தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு டீ போடப் போனார்.